சுயேச்சைத் தளங்களுக்கு ஒரு புக்மார்க் அலமாரி: தேடுவது முதல் காப்பது வரை

தஞ்சாவூர்ப் பக்கத்து நாவல் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தாத்தா குறட்டில் உட்கார்ந்திருந்தார்" என்று ஒரு வரி. என் கைக்கு வருவதற்கு முன்பே யாரோ 'குறட்டில்' என்பதைப் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் 'குறிச்சியில்?', அதாவது நாற்காலியிலா, என்று எழுதியிருந்தார்கள். சந்தேகத்துக்குத் தேடுபொறியில் போட்டுப் பார்த்தேன். முதல் பக்கம் முழுக்கக் குறட்டை. குறட்டையை நிறுத்தப் பத்து வழி, மூக்கடைப்புக்கு மூலிகை, கடைசியில் ஒரு மெத்தை விளம்பரம்.

அப்புறம்தான் புத்தி வந்து, உலாவியின் முகவரிப் பட்டையில் 'லெ குறடு' என்று தட்டினேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் நேரே அந்தச் சொல்லில் திறந்தது. கொல்லர் கையிலிருக்கும் பற்றுக்குறடு, காலில் மாட்டும் பாதக்குறடு, மரத்துண்டு, அதோடு திண்ணையும். தாத்தா திண்ணையிலேயே உட்காரட்டும் என்று பென்சில் குறியை ரப்பரால் அழித்தேன். எல்லாம் சேர்த்து அரை நிமிடம் ஆகியிருக்காது.

அந்த 'லெ' ஒரு புக்மார்க். அதைப்போல நூற்றுச் சொச்சம் என்னிடம் இருக்கின்றன. பெரும்பாலும் தனியாட்களோ சிறு குழுக்களோ நடத்தும் தளங்கள். எந்தத் தளத்தைச் சேர்ப்பது, எங்கே போய்த் தேடுவது, எப்படி அடுக்குவது, காணாமல் போகாமல் எப்படிக் காப்பது என்று என் பழக்கத்தை அப்படியே எழுதுகிறேன். நேரமில்லாதவர்கள் மூன்றாம் படிக்குத் தாவிவிடலாம், சரக்கு அங்கேதான் இருக்கிறது.

படி 1: எதைச் சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தேர்தலில் சுயேச்சை வேட்பாளரைப் பார்த்திருப்பீர்கள். கொடி கிடையாது, தலைமைக் கழகம் கிடையாது, சொந்தக் காசில் நின்று சொந்தப் பெயரில் ஓட்டுக் கேட்பார். சுயேச்சைத் தளமும் அந்த ரகம். ஒரு பெரிய நிறுவனத்தின் செயலிக்குள் குடியிருக்காமல், தனக்கென்று ஒரு முகவரி வாங்கி, தன் விருப்பத்துக்கு எழுதிவைக்கும் இடம். தன்னார்வலர்கள் கூடி நடத்தும் நூலகங்களையும், பல்கலைக்கழக நூலகம் ஒன்று ஓரமாகப் பராமரிக்கும் அகராதியையும் நான் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். கறாரானவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

ஒரு தளம் கண்ணில் பட்டதும் நான் பார்ப்பது மூன்று விஷயம். நடத்துவது யார் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? 'என்னைப் பற்றி' பக்கத்தில் ஒரு மனிதர் தெரிந்தால் பாதி நம்பிக்கை வந்துவிடும். அடுத்து, வெளியே சுட்டி கொடுக்கிறாரா? தனக்குப் பிடித்த மற்றவர்களைக் கைகாட்டுகிற தளம் நல்ல தளமாக இருப்பதைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். வந்தவரை வெளியே விடாமல் தன் பக்கங்களுக்குள்ளேயே சுற்றவைக்கும் தளம் பெரும்பாலும் விளம்பரத்துக்காக நடப்பது. மூன்றாவது, பேருந்தில் போகும்போது செல்பேசியில் சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கையில் திறக்கிறதா?

படி 2: தேடுபொறியை விட்டு வெளியே வந்து தேடுங்கள்

பெரிய தேடுபொறிகளில் இந்தத் தளங்கள் பத்தாவது பக்கத்தில்கூட வருவதில்லை. விளம்பரத்துக்கும் தேடல் வரிசைக்கும் ஏற்றபடி எழுதத் தெரிந்தவர்கள் முன்னே நின்றுகொள்கிறார்கள். ஆகவே, இவற்றுக்கென்றே உள்ள சந்துகளில் புகுந்து தேட வேண்டும்.

முதல் சந்து மார்ஜினாலியா. ஸ்வீடனில் ஒரு நிரலாளர் 2021இல் தன் வீட்டுக் கணினியிலேயே ஓடவிட்ட தேடுபொறி. எழுத்து நிறைந்த, நிரல் சுமை குறைந்த பக்கங்களை மேலே தூக்கும். விளம்பரமும் வாசகரைப் பின்தொடரும் நிரலும் நிரம்பியவற்றைக் கீழே தள்ளும். மிதிவண்டிச் சக்கரம் கோணினால் சரிசெய்வது எப்படி என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். கடை விளம்பரம் வராது, இருபது வருடம் முன்பு யாரோ பொறுமையாக எழுதிய நீண்ட பக்கம் வரும். தமிழில் தேட இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீபி இன்னும் சின்னது. பழைய பாணியிலான எளிய பக்கங்கள் மட்டுமே அதன் பட்டியலில் உண்டு, அவையும் ஆட்கள் பரிந்துரைத்துச் சேர்ந்தவை. அதில் 'வியப்பூட்டு' என்கிற பொருளில் ஒரு சுட்டி இருக்கும். அதை அழுத்தினால் எங்கோ ஒருவர் தன் ரயில் பொம்மைகளைப் பற்றி எழுதிய பக்கத்தில் போய் விழலாம். காகி நிறுவனத்தின் ஸ்மால் வெப் என்ற பக்கமும் அப்படியே, தனியாள் வலைப்பதிவுகளிலிருந்து அண்மைய பதிவு ஒன்றைக் குலுக்கிப் போடும். தேடுபொறிக்குத்தான் அவர்கள் காசு கேட்பார்கள், இதற்குக் கிடையாது.

குலுக்கல் பிடிக்காதவர்களுக்கு ஊ டைரக்டரி இருக்கிறது. இங்கிலாந்தின் பில் கைஃபோர்ட் 2022 நவம்பரில் திறந்த வலைப்பதிவுப் பட்டியல். தோட்டம், கணிதம், கட்டடக்கலை என்று துறைவாரியாகப் பிரித்திருக்கிறார், எந்தப் பதிவு கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதும் அருகிலேயே தெரியும். பழைய தமிழ்ப் பதிவர்களுக்கு இதைப் பார்த்ததும் தமிழ்மணம் நினைவுக்கு வரும். காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய, வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய அந்தத் திரட்டியில் காலையில் காப்பியோடு போய் உட்கார்ந்தால் அன்றைக்கு யார் யாரோடு சண்டை என்பது வரை தெரிந்துவிடும். அதற்கு ஈடான ஒன்று இன்று தமிழில் என் கண்ணில் படவில்லை. அதனால் தமிழுக்கு வழி ஒன்றுதான். உங்களுக்குப் பிடித்த வலைப்பூவின் வலப்பக்கப் பட்டியலைப் பாருங்கள். 'நான் வாசிப்பவை', 'நண்பர்கள்' என்று பத்துச் சுட்டி கிடக்கும். நாலு செத்திருக்கும், நாலு தூங்கிக்கொண்டிருக்கும், இரண்டு உயிரோடிருக்கும். அந்த இரண்டின் பட்டியலுக்குப் போங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இப்படிப் போனால், எந்தத் தேடுபொறியும் காட்டாத ஊர்களுக்குப் போய்வரலாம்.

படி 3: அலமாரியை நிரப்புங்கள்

என் அலமாரியில் மூன்று தட்டு. சோறு போடும் தமிழ்த் தட்டு முதலில்.

தமிழ் லெக்சிகனில் தொடங்குகிறேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டு, 1939இல் பின்னிணைப்பும் சேர்த்த பேரகராதி. மூலத் தொகுதிகளில் மட்டும் 1,04,405 சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் சவுத் ஏசியா லைப்ரரி அதை அப்படியே தேடும் வசதியோடு இணையத்தில் வைத்திருக்கிறது. தமிழ் எழுத்திலேயே தட்டலாம். அதே இடத்தில் வின்ஸ்லோ, ஃபெப்ரீஷியஸ் அகராதிகளும், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியும் உண்டு. ஒரு சொல்லுக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் தோடாவிலும் உறவு இருக்கிறதா என்று பார்க்க அந்தக் கடைசி அகராதிக்குப் போவேன். அதற்குள் நுழைந்தால் வேலை கெடும், எச்சரிக்கிறேன்.

மதுரைத் திட்டத்தை அறியாதவர் குறைவு. 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று, உலகெங்கும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்துப் பழந்தமிழ் நூல்களை இலவசமாக ஏற்றினார்கள். முதல் மின்னூல் திருக்குறள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துக் குறியீடு பரவுவதற்கு முந்தைய காலம் அது. முதலில் மயிலை எழுத்துரு, பிறகு தகுதரம் என்ற குறியீடு, பிறகு யூனிகோட் என்று ஒரே நூலை மறுபடி மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பொறுமைக்காகவே அதை முதல் தட்டில் வைத்திருக்கிறேன். பயன்படுத்தும்போது ஒன்று கவனியுங்கள். ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் எந்தப் பதிப்பை வைத்துத் தட்டச்சு செய்தார்கள், யார் மெய்ப்புப் பார்த்தார்கள் என்ற குறிப்பு இருக்கும். மேற்கோள் காட்டுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

ஈழத்து எழுத்துக்கு 'நூலகம்' என்ற பெயரிலேயே ஒரு தளம். 2005இல் தொடங்கிய தன்னார்வ முயற்சி. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பை அறிந்தவர்கள் கட்டிய தளம் என்பது அதன் சேகரிப்பைப் பார்த்தாலே விளங்கும். நூல்களும் இதழ்களும் போக, பள்ளி ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அச்சிட்ட நினைவு மலர் வரை படியெடுத்து வைத்திருக்கிறார்கள். நினைவு மலரில் என்ன இருக்கும் என்று நானும் அலட்சியமாக நினைத்ததுண்டு. ஒரு கிராமத்தின் குடும்ப வரலாறும், யார் எந்த ஆண்டு மலாயாவுக்குப் போனார் என்பதும், அக்காலத்தில் எந்தெந்தத் தேவாரப் பாடல்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் அதில்தான் கிடைத்தன. இங்கே நேரம் செலவிடுங்கள்.

இன்னும் மூன்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்கள் பகிரும் உரிமையோடு கொடுத்த மின்னூல்கள், செல்பேசிக்கும் கிண்டிலுக்கும் ஏற்ற வடிவங்களில் கிடைக்கும். பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய பாரி என்ற ஊரக இந்திய ஆவணக் களஞ்சியத்தில் பல கட்டுரைகள் தமிழிலும் உண்டு, படங்களுக்காகவே பார்க்கலாம். சுரதா தளத்தின் எழுத்துரு மாற்றி மூன்றாவது. பழைய தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும், புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அது குப்பை இல்லை, பாமினி எழுத்துருவில் அடித்தது. நகலெடுத்து மாற்றியில் ஒட்டி, பாமினி என்று தேர்ந்தெடுத்தால் யூனிகோட் தமிழாகிவிடும். அச்சகங்களிலிருந்து வரும் பழைய கோப்புகளுக்கு எனக்கு வாரம் ஒருமுறையாவது இது தேவைப்படுகிறது.

இரண்டாம் தட்டு கருவிகள். இதில் எனக்கு உயிர் ஃபோட்டோபீ. இவான் குட்ஸ்கிர் என்ற தனி நிரலாளர் 2013இல் வெளியிட்ட படத்தொகுப்பு மென்பொருள், உலாவிக்குள்ளேயே ஓடும். ஃபோட்டோஷாப் கோப்பை அடுக்குகளோடு திறக்கும். கோப்பு உங்கள் கணினியை விட்டு எங்கும் போவதில்லை, எல்லா வேலையும் உங்கள் உலாவியிலேயே நடக்கிறது. ஓரத்தில் விளம்பரம் வரும், அதுதான் அவர் வருமானம், சகித்துக்கொள்கிறேன். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் அட்டைப்படக் கோப்பை அனுப்பிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அட்டையில் ஆசிரியர் பெயரில் ஒரு துணைக்கால் குறைகிறது. என்னிடம் ஃபோட்டோஷாப் கிடையாது. இதில் திறந்து, எழுத்து அடுக்கைத் தொட்டுத் திருத்திச் சேமித்து அனுப்பினேன். ஒரு விஷயம் கைகொடுத்தது: அந்த எழுத்துருக் கோப்பையும் அவர் கூடவே அனுப்பியிருந்தார். அது இல்லாவிட்டால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துவிடும்.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். உலக வரைபடத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். உங்கள் தெருவின் பெயர் தப்பாக இருந்தால் கணக்கு ஒன்று தொடங்கி நீங்களே மாற்றலாம். தமிழில் பெயர் சேர்க்கத் தனி இடமும் உண்டு. எங்கள் ஊர்க் குளத்தின் பெயரை நான் சேர்த்தேன், இன்னும் இருக்கிறது.

மூன்றாம் தட்டு சும்மா பார்க்க. சும்மா என்றாலும் என் உறக்கத்தைத் தின்பது இந்தத் தட்டுதான்.

பார்டோஸ் சிகனோவ்ஸ்கி என்பவரின் தளத்தைத் திறங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு கட்டுரைகள்தான் எழுதுகிறார். 2022இல் வந்த இயந்திரக் கைக்கடிகாரக் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுருள்வில்லில் தொடங்குகிறார். அந்தப் படத்தை விரலால் இழுத்துச் சுழற்றலாம், கீழேயுள்ள குமிழை நகர்த்தினால் வில் முறுக்கேறும், விட்டால் அவிழும். அடுத்து ஒரு பல்சக்கரம், அதோடு இன்னொன்று. வில் ஒரேயடியாக அவிழ்ந்துவிடாமல் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி நிறுத்தி விடுகிற கவைப்பகுதிக்கு வரும்போது, 'டிக் டிக்' என்ற சத்தம் எதனால் வருகிறது என்று உங்களுக்கே புரிந்திருக்கும். படம் எல்லாமே அவர் கையால் எழுதிய நிரல். விளம்பரம் ஒன்றுகூட இல்லை. பள்ளியில் இயற்பியல் எடுக்கும் நண்பர் ஒருவருக்கு இதைக் காட்டினேன், ஒலி பற்றிய கட்டுரையை இப்போது வகுப்பில் திரையில் போடுகிறாராம்.

லோ டெக் மேகசின் என்றொரு இதழ், கிரிஸ் டி டெக்கர் நடத்துவது. அதன் ஒரு வடிவம் 2018 முதல் பார்சிலோனாவில் ஒரு மாடத்தில் வைத்த சூரியத் தகட்டில் ஓடுகிறது. பக்கத்தின் பின்னணி நிறமே மின்கல மட்டத்தைக் காட்டும். தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் தளம் அணைந்துவிடும், வெயில் வந்ததும் திரும்ப வரும். படங்களைப் புள்ளிப்புள்ளியாகச் சுருக்கி வைத்திருப்பதால் நம் செல்பேசியில் சட்டென்று திறக்கும். காற்றாலை, விறகடுப்பு, பழைய காலத்துப் பழச்சுவர்த் தோட்டம் என்று எழுதுகிறார்கள். நம்மூர் மின்வெட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தளம் அணைவது ஒன்றும் அதிசயமாக இருக்காது.

பறவைக் குரல்களுக்கு ஜீனோ கான்டோ. நெதர்லாந்தில் 2005இல் தொடங்கியது. உலகெங்கும் பறவை நோக்குபவர்கள் பதிவுசெய்த குரல்கள் இருக்கின்றன. அறிவியல் பெயரை இட்டுத் தேடலாம். நம்மூரில் ஆறுமணிக் குருவி என்கிறோமே, காலை மாலை ஆறு மணியை ஒட்டிக் கூவும் பொன்னுத்தொட்டான், அதை 'பிட்டா பிராக்கியூரா' என்று ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். இரண்டு சுரமாக ஒரு விசில் கேட்கும். கேட்டுவிட்டு, குளிர்காலத்தில் தோப்புப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு போங்கள்.

ரேடியோ கார்டனைப் பலர் அறிவீர்கள். உருண்டையைச் சுழற்றி ஒரு பச்சைப் புள்ளியில் நிறுத்தினால் அந்த ஊர் வானொலி பாடும். மலேசியா பக்கம் உருட்டினால் தமிழும் காதில் விழும். பப்ளிக் டொமைன் ரிவ்யூ காப்புரிமை முடிந்த பழைய ஓவியங்களையும் விசித்திரப் புத்தகங்களையும் கட்டுரையோடு தரும், அட்டைப்பட வடிவமைப்பாளர்களுக்குத் தங்கச் சுரங்கம். நீல் அகர்வாலின் நீல் ஃபன் தளத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கடலின் ஆழத்துக்கு விரலால் உருட்டிக்கொண்டே இறங்கும் பக்கம் ஒன்று அதில் இருக்கிறது, எட்டு வயதுக்கு மேல் யாருக்கும் பிடிக்கும்.

படி 4: அடுக்கும் முறை

புக்மார்க் பயன்படாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் பெயர்தான். கணினியில் கன்ட்ரோல் விசையோடு டி அழுத்தினால் பக்கத்தின் தலைப்பு அப்படியே சேமிப்பாகிவிடும். 'முகப்பு' என்றோ 'வரவேற்கிறோம்' என்றோ பத்துப் பதிவு சேர்ந்தால் எது எதுவென்று பிரம்மாவுக்கும் தெரியாது. சேமிக்கிற அந்த நொடியிலேயே பெயரை மாற்றுங்கள். நான் தேவையைத்தான் பெயராக வைக்கிறேன். 'பாமினி வந்தால் மாற்ற', 'அட்டைக்குப் பழைய ஓவியம்', 'ஈழத்து இதழ் தேட' என்று. ஆறு மாதம் கழித்து நமக்குத் தளத்தின் பெயர் மறந்திருக்கும், தேவை மறக்காது.

உறைகள், அதாவது ஃபோல்டர்கள், அதிகம் வேண்டாம். என்னிடம் 'வேலை', 'வாசிக்க', 'வேடிக்கை' என்ற மூன்றோடு 'வாசல்' என்று நான்காவது உண்டு. புதிதாகக் கண்ட எதுவும் முதலில் வாசலில்தான் நிற்கும். மாதம் ஒருமுறை பார்த்து, இரண்டாம் தடவை திறந்ததை மட்டும் உள்ளே விடுவேன். ஃபயர்ஃபாக்ஸில் குறிச்சொற்களும் இடலாம். குரோமில் அந்த வசதி இல்லாததால் பெயரிலேயே கூடுதலாக ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள், தேடும்போது அகப்படும்.

இனி அந்த 'லெ' வித்தை. லெக்சிகன் தளத்தில் ஏதாவது ஒரு சொல்லைத் தேடுங்கள். முடிவு வந்ததும் மேலே முகவரியைப் பாருங்கள், நீங்கள் தேடிய சொல் அதற்குள் ஓரிடத்தில் இருக்கும். சில நேரம் அது விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக உருமாறித் தெரியும், பயப்பட வேண்டாம். அந்தப் பக்கத்தைப் புக்மார்க் செய்து, திருத்தும் பெட்டியைத் திறந்து, முகவரியில் அந்தச் சொல் இருக்கும் பகுதியை மட்டும் அழித்துவிட்டு அங்கே விழுக்காட்டுக் குறியும் அதை ஒட்டி எஸ் என்ற சிறிய ஆங்கில எழுத்தும் இடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் கீழே குறுஞ்சொல் என்கிற பொருளில் 'கீவேர்ட்' கட்டம் இருக்கும், அதில் 'லெ'. முடிந்தது. முகவரிப் பட்டையில் லெ, ஓர் இடைவெளி, வேண்டிய சொல் என்று தட்டினால் போதும். குரோமில் இதே வேலையை அமைப்புகளில் தேடுபொறிப் பகுதிக்குள் 'தளத் தேடல்' என்னும் இடத்தில் செய்யலாம். குறுஞ்சொல்லைத் தமிழிலேயே வையுங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் ஓரெழுத்து, தமிழில் ஒரு சொல் என்று விசைப்பலகையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

படி 5: எழுதுபவர்களுக்கு ஓடை

நூலகமும் அகராதியும் வேண்டும்போது போய்ப் பார்க்கிற இடங்கள். எப்போதாவது எழுதும் ஆட்களுக்குப் புக்மார்க் சரிப்படாது. சிகனோவ்ஸ்கி எப்போது எழுதுவார் என்று தினமும் கதவைத் தட்ட முடியுமா? அதற்குத்தான் ஆர்எஸ்எஸ் ஓடை, ஒரு தளத்தில் புதிதாக எழுதியதை நம்மிடமே கொண்டுவந்து சேர்க்கும் வசதி. ஓடைகளை வாசிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1இல் மூடப்பட்டதோடு ஓடையும் செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் அநேகம். அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, குழாய் எங்கே என்று தெரிந்தால் போதும். வேர்ட்பிரஸ் தளம் என்றால் முகவரியின் கடைசியில் சாய்கோடிட்டு 'ஃபீட்' என்று ஆங்கிலத்தில் சேர்த்துப் பாருங்கள். மற்ற தளங்களுக்குத் தள முகவரியை மட்டும் ஓடைவாசிப்பு மென்பொருளில் கொடுத்தால், பெரும்பாலும் அதுவே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஃபீட்லி, இனோரீடர் இரண்டும் உலாவியிலேயே ஓடும். மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்டு வைத்திருந்தால் அதற்குள்ளேயே வசதி இருக்கிறது.

படி 6: காணாமல் போவதற்கு முன் காப்பாற்றுங்கள்

இது சோம்பேறித்தனத்துக்கு இடம் கொடுக்கக் கூடாத படி. பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் திறக்க முடியாமல் போய்விட்டன. 1994இல் தொடங்கி லட்சக்கணக்கானோர் வீடு கட்டிய ஜியோசிட்டீஸை யாஹூ 2009இல் இடித்தது. புக்மார்க்கைச் சேமிக்கவென்றே வந்த சேவைகளுக்கும் இதே கதிதான். 2003இல் தொடங்கிப் புகழ்பெற்ற டெலிஷியஸ் கைமாறிக் கைமாறி 2017இல் பின்போர்டு என்ற போட்டித் தளத்திடம் போய்ச் சேர்ந்தது. மோசில்லாவின் பாக்கெட் 2025 ஜூலையில் மூடப்பட்டது.

நானும் பட்டிருக்கிறேன். இவற்றில் எதுவும் இல்லை, வேறொரு சிறிய சேவை. அதில் நானூறுக்கு மேல் சுட்டிகள் வைத்திருந்தேன். மூடப்போகிறோம் என்று அவர்கள் அனுப்பிய மடல் என் பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது, அந்தப் பெட்டியை நான் திறந்தே வருஷமாகிவிட்டது. தப்பு என்மேல்தான். அன்றிலிருந்து புக்மார்க்கை உலாவியிலேயே வைத்துக்கொள்கிறேன், மாதத்தின் முதல் ஞாயிறு ஏற்றுமதி செய்கிறேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் புக்மார்க் மேலாளர் திறக்கும். அதில் ஏற்றுமதி என்பதைச் சொடுக்கினால் ஒரே கோப்பு இறங்கும். எந்த உலாவியிலும் திறக்கும், பென்டிரைவில் போட்டு வைக்கலாம். நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள், நெட்ஸ்கேப் என்று பெயர் இருக்கும். அந்த உலாவிக்கு 2008இலேயே பால் ஊற்றியாயிற்று, அதன் கோப்பு வடிவத்தை மட்டும் இன்றுவரை எல்லோரும் சுமக்கிறார்கள்.

கோப்பில் இருப்பது முகவரி மட்டும்தான். பக்கத்தையே காக்க இரண்டு வழி. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் தளத்துக்குப் போய், பக்கத்தைச் சேமிக்கும் கட்டத்தில் முகவரியை ஒட்டினால் இன்றைய தேதியிட்டு ஒரு படியெடுத்துக்கொள்ளும். உங்களுக்கு மட்டுமல்லாமல் ஊருக்கே பயன்படும். மற்றது சிங்கிள்ஃபைல் என்ற உலாவி நீட்சி. படம், எழுத்துரு எல்லாவற்றையும் சேர்த்து முழுப் பக்கத்தையும் ஒரே கோப்பாக உங்கள் வன்தட்டில் இறக்கிவிடும். சிகனோவ்ஸ்கியின் கடிகாரம் போல நிரலில் இயங்கும் பக்கங்களை மட்டும் இப்படிச் சேமித்தால், திரும்பத் திறக்கும்போது படம் அசையாமல் நிற்கலாம்.

செத்த சுட்டியைக் கண்டதும் அழிக்காதீர்கள். முகவரியை நகலெடுத்து வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள். நான் தேடிய ஒரு வட்டார வழக்குச் சொற்பட்டியல் அப்படித்தான் உயிரோடு கிடைத்தது. அதுவும் அரைப்புள்ளி மழையாகத்தான் வந்தது. சுரதா மாற்றிக்குக் கொண்டுபோனேன்.

படி 7: உங்கள் பட்டியலையும் வெளியே வையுங்கள்

கட்டாயம் இல்லை. ஆனால் இரண்டாம் படியில் நாம் மேய்ந்ததெல்லாம் யாரோ வெளியே வைத்த பட்டியல்கள்தானே. நியோசிட்டீஸ் என்று 2013இல் தொடங்கிய தளம், ஜியோசிட்டீஸின் ஞாபகமாகப் பெயர் வைத்தது, ஒரு ஜிகாபைட் இடம் இலவசமாகத் தருகிறது, விளம்பரம் போடுவதில்லை. ஏற்றுமதி செய்த அதே புக்மார்க் கோப்பில் வங்கி, மின்வாரியம் போன்ற சொந்தச் சுட்டிகளை நீக்கிவிட்டு அப்படியே ஏற்றினாலும் ஒரு பக்கம் தயார். நான் ஒவ்வொரு சுட்டிக்கும் கீழே ஒரு வரி எழுதினேன், எதற்குப் பயன்பட்டது என்று. லெக்சிகனுக்குக் கீழே 'தாத்தா உட்கார்ந்த குறடு' என்றிருக்கும்.

ஏற்றிவிட்டு மறந்துபோனேன். ஏழெட்டு மாதம் கழித்து, முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து மடல் வந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை. "உங்க பட்டியலில் மேலிருந்து மூணாவது சுட்டி வேலை செய்யலை. தளம் இந்த முகவரிக்கு மாறிடுச்சு" என்று எழுதி, புது முகவரியைக் கீழே ஒட்டியிருந்தார். திருத்திவிட்டேன்.